திறக்கும் சாவி யார் கையில்?

நண்பர்களே,

வாசலில் நிற்கும் கருவிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வந்திருப்பவருக்கு அனுமதி உண்டா, இல்லையா? ஆனால் அட்டையைக் காட்டியதும் பெயர், எண், வந்த நேரம் எல்லாம் பதிவாகிவிடுகின்றன. நாலு வாசல்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய நாள் முழுக்க வெட்டவெளிச்சம். வழக்கமான டிஜிட்டல் கையொப்பமும் இங்கே உதவாது. அதை ஒருவர் தனக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், போடுவார்; மற்றவர்கள் அவருடைய பொதுச் சாவியால், அதாவது எல்லோருக்கும் தெரிந்த எண்ணால், சரிபார்ப்பார்கள். அந்தப் பொதுச் சாவியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1991-இல் ஆய்வாளர்களான டேவிட் சாமும் வான் ஹெய்ஸ்ட்டும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: குழுக் கையொப்பம். குழு முழுவதற்கும் பொதுச் சாவி ஒன்றே. ரகசியச் சாவி மட்டும் ஆளுக்கொன்று. கையொப்பம் போட்டவர் குழுவில் ஒருவர் என்பது தெரியும், எவர் என்பது தெரியாது. நேற்றுப் போட்டவரும் இன்று போட்டவரும் ஒருவர்தானா என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது குணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெயரை மறைத்துவிட்டுத் தடத்தை விட்டுவைத்தால் தடமே பெயரைச் சொல்லிவிடுமே!

உள்ளே நடப்பது என்ன? பல முறைகளில், கையொப்பமிடுபவர் தன் அடையாளத்தைத் திறப்பாளரின் (தேவைப்பட்டால் ஆளைக் கண்டறியும் பொறுப்பாளரின்) சாவியால் ஒவ்வொரு முறையும் புதிதாக மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, வைக்கிறார். தன்னிடம் செல்லுபடியாகும் உறுப்பினர் சான்று இருப்பதை, அதை வெளியே காட்டாமலே நிரூபிக்கிறார். தொடக்ககால முறைகளில் ஆள் கூடக் கூடக் கையொப்பமும் நீண்டது. 1997-இல் கமெனிஷும் ஷ்டாட்லரும் அந்தத் தடையை உடைத்தார்கள். 2004-இல் போனே, போயன், ஷாச்சம் மூவரும் கையொப்பத்தை 200 பைட்டுக்குள் அடக்கினார்கள்.

சரி, திறப்பாளர் எதற்கு? மோசடி நடந்தால் கையொப்பத்தைத் திறந்து ஆளைக் கண்டுபிடிக்க. நான் கவலைப்படுவது இங்கேதான். அந்தச் சாவியை வைத்திருப்பவர் எல்லாக் கையொப்பங்களையும் திறந்து பார்க்கலாம். அவரைப் பொறுத்தவரை அந்தரங்கம் என்று எதுவுமே இல்லை. சான்று வழங்குபவரும் அவரே என்றால், இல்லாத உறுப்பினரைக்கூட உருவாக்கிவிடலாம். 2005-இல் பெல்லாரே, ஷி, ஜாங் மூவரும் இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்து வரையறுத்தார்கள். திறந்தவர் "இன்னார்தான்" என்று சொன்னால் போதாது, யாரும் சரிபார்க்கக்கூடிய நிரூபணமும் தர வேண்டும் என்றார்கள். நிரபராதி மீது பழி விழக்கூடாது அல்லவா?

திறக்கும் சாவியையே பல பங்குகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத அமைப்புகளிடம் கொடுக்கவும் முடியும். குறிப்பிட்ட எண்ணிக்கையினர் ஒப்புக்கொண்டால்தான் கையொப்பம் திறக்கும். அடையாளத் திட்டம் எதுவானாலும் சரி, இந்த ஏற்பாடு இல்லாமல் வந்தால் நான் அதை ஏற்க மாட்டேன்.