விடுதிக்கு வெந்நீர் வேண்டும்
(ஜூன் 19, உலக சிக்கிள் செல் நாளன்று கூடலூரில் பேசியது)

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பணியர், குறும்பர், இருளர் ஊர்களிலிருந்து மழையோடு வந்திருக்கும் மூப்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, வணக்கம். தலைவர் அவர்கள் பொன்னாடையோடு எழுந்தபோது தடுத்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு பிள்ளைக்கு ஸ்வெட்டர் வரும்.

சிக்கிள் செல் என்னும் ரத்த நோயில் வலி ஏன் வருகிறது, மருந்து என்ன, பிள்ளைகளின் படிப்பு என்னவாகிறது என்று மூன்று விஷயம் பேச வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வலியோ வெளியே தெரியாத வலி. சிவப்பணு அரிவாளாக வளைந்து சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கிறது. எலும்புக்குள் வலி எடுக்கிறது. குளிர் பட்டால் வரும், தண்ணீர் குடிக்காவிட்டால் வரும். நீலகிரி மக்களிடம் இது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1952லேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு பதினோராம் வகுப்புப் பெண். ஆடி மாதம், விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் குளியல். கூடலூர் மழையில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? கொஞ்ச நேரத்தில் முழங்கால் இரண்டும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. வார்டன் வந்து பார்த்தார். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. "பரீட்சைன்னா உனக்கு வலி வந்துடுமே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மேசையில் தலை சாய்த்தாள். தூங்குகிறாள் என்று வராந்தாவில் நிற்க வைத்தார்கள், சாரலில்! தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டுமே! சாயங்காலம் கூடப் படிக்கும் பிள்ளைகள் சமையல்கார அக்காவிடம் கெஞ்சி வெந்நீர் வாங்கி, பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிக் காலில் வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! இரவில் எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சிஸ்டர், நான் நடிக்கலன்னு ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா?"

எழுதினேன். டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இந்த நோய் இருக்கும்போது, ஒரு பிள்ளை ஏன் சீட்டுக்குக் கெஞ்ச வேண்டும்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எத்தனை காலம் இருப்பது? இந்த வலி அடிக்கடி வராமல் இருக்க உதவும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைப் பற்றி அடுத்துப் பேசும் டாக்டர் ஐயா சொல்வார்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் 2047க்குள் இந்த நோயை ஒழிப்பதாகச் சொல்கிறது. நல்லது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயது நெருங்கும். வெந்நீர் இந்த ஆடிக்கே வேண்டும். உண்டி உறைவிடப் பள்ளி விடுதிகள் அத்தனையிலும் குளிக்க வெந்நீர், வகுப்பில் கையருகே தண்ணீர் பாட்டில், கேள்வி கேட்காமல் கழிப்பறைக்கு விடுவது. கலெக்டருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தலைவர் அவர்கள் முதலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.