அம்மை இல்லை, அப்பன்!

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தண்ணீருக்குள் எத்தனை விதமான இடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விலங்கியல் பாடம் நடத்தியே தலை நரைத்தவன் நான். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பைத்தியம்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு மாணவர்களைக் கூட்டிப்போவேன். கருவி என்று பார்த்தால் பெரிய டீ வடிகட்டி ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று. அவ்வளவுதான். மடைக்குப் பக்கத்தில் ஆழத்துச் சேற்றை அள்ளி அலசினால், சிவப்பாகச் சில புழுக்கள் நெளியும். கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சுகள் அவை. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. மூச்சு முட்டுகிற சேற்றில் அதை வைத்துத்தான் பிழைக்கிறது. அதைவிட்டால் அங்கே பெரிதாக ஒன்றும் சிக்காது.

உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேருகிற ஆழமில்லாத பக்கம் வாருங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர், கோரையும் வேலம்பாசியும் பின்னிக் கிடக்கும். அங்கே ஒரு அள்ளு அள்ளித் தட்டில் கவிழ்த்தால், எண்ணுவதற்கு இரண்டு கை விரலும் போதாது. நீர்த்தேள், மல்லாந்து நீந்துகிற பூச்சி, சின்ன இறால், வாலில் மூன்று இலை வைத்த ஊசித்தட்டான் குஞ்சு. அந்த இலைகள்தான் அதற்குச் செவுள்.

ஒரு தடவை ஒரு பையன் கத்தினான்: "சார், இந்தப் பூச்சிக்கு அம்மை போட்டிருக்கு!" போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டை நிறத்தில் தட்டையான பூச்சி, முதுகு முழுக்கக் கொப்புளம். "அம்மை இல்லைடா, அது அப்பன்!" என்றேன். பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை அப்பன்தான் சுமக்க வேண்டும். சுமந்தால் மட்டும் போதாது, முட்டைக்குக் காற்றுப் பட அடிக்கடி மேலே வரவேண்டும். பாசியும் கோரையும் பிடிமானமாக இருந்தால் அதற்கு எவ்வளவு வசதி! அந்தப் பையன் இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம், "சார், அப்பன் பூச்சி எப்படி இருக்கு?" என்று கேட்பான்.

சரி, நத்தைக்கு வருவோம். நம் கண்மாயில் இருக்கிற பெரிய உருண்டை நத்தைக்குத் தின்ன நீர்ச்செடி வேண்டும். முட்டையைத் தண்ணீருக்குள் இடாது, கரையோர ஈரமண்ணில்தான் இடும். கோடையில் சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்கும். ஒரே நத்தைக்கு மூன்று இடம் வேண்டும், கவனியுங்கள். ஊசித்தட்டானும் அப்படித்தான். தண்டைக் கீறி முட்டையைச் செருகும். குஞ்சு தண்ணீரில் வளரும். பிறகு ஒரு தண்டைப் பிடித்து மேலேறித் தோலை உரிக்கும். கோரையில் சருகு மாதிரி ஒட்டியிருக்குமே, அந்தத் தோல்தான்.

அந்தக் கண்மாயைச் சில வருடம் முன்பு தூர்வாரினார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, அண்டா மாதிரி ஆக்கிவிட்டார்கள். தண்ணீர் கூடியது, ஓரம் போய்விட்டது. அடுத்த மழைக்குப் பிறகு தட்டை வைத்தேன்: எங்கே அள்ளினாலும் சிவப்புப் புழு. ஆழப்படுத்துங்கள் ஐயா, உள்வாய்ப் பக்கம் மட்டும் சரிவாக விடுங்கள், கோரையில் ஒரு பங்கை விட்டுவையுங்கள் என்றுதான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். இதோ, இங்கேயும் கேட்டுவிட்டேன்.

மலை ஓடைகளைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ஒரே விஷயம் சொல்லி முடிக்கிறேன். குற்றாலம் மாதிரி இடங்களுக்குப் போனால், தண்ணீர் சலசலத்து ஓடுகிற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். இழுப்புக்குத் தாக்குப்பிடிக்க உடம்பையே தட்டையாக்கிக்கொண்ட பூச்சிகள் அடியில் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே, தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் ஊறிய இலைகளை அள்ளினால் வேறு கூட்டம் வரும். பார்த்த பிறகு கல்லை அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிடுங்கள். வணக்கம்.