எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா?

வணக்கம் நேயர்களே.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ கடைக் கம்ப்யூட்டரிலோ இன்னும் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறத்தான் வேண்டும். ஆனால் அப்டேட் பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்த ஒரு நாளில் என்ன செய்வது என்றுதான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதல் வேலை பேக்கப், அதாவது உங்கள் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைப்பது. "அதெல்லாம் எடுத்தாச்சு" என்பார்கள். சரி, எடுத்ததைத் திறந்து பார்த்தீர்களா? இந்தக் கேள்வியை இன்றைக்கு இன்னும் சில முறை கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பி முடிந்தது என்று திரையில் வருவது வேறு. அந்தக் காப்பி இன்னொரு மெஷினில் திறப்பது வேறு.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை நீல நிறத் துளையில் செருகுங்கள், பெரும்பாலும் அதுதான் யுஎஸ்பி 3. அதில் 200 ஜிபி முக்கால் மணியில் ஏறிவிடும். பழைய யுஎஸ்பி 2 துளை என்றால் இரண்டு மணி நேரம் போகும். ஃபோட்டோக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதற்கும் மேலே ஆகும். முடிந்ததும் வயரைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. ஈஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். காப்பி முடிந்த மாதிரி தெரிந்தாலும் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டு இருக்கலாம்.

பென் டிரைவில் எடுப்பவர்களுக்கு ஒரு சங்கடம் வரும். 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கும், ஆனால் 6 ஜிபி கல்யாண வீடியோவை உள்ளே விடாது. பழுது எதுவும் இல்லை. அது ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்-ஃபேட் என்று மாற்றி ஃபார்மட் செய்தால் ஏறிவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், அதனால் அதில் இருப்பதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது சோதனை. டிஸ்க்கைப் பக்கத்து வீட்டு லேப்டாப்பிலோ ஆபீஸ் மெஷினிலோ செருகி மூன்று ஃபைலைத் திறங்கள். இருப்பதிலேயே பழைய ஃபோட்டோ ஒன்று. பெரிய வீடியோ ஒன்று. அதை முதல் நிமிடம் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள், அரைகுறைக் காப்பி அங்கேதான் மாட்டும். மூன்றாவது, தமிழில் தட்டச்சு செய்த பழைய கடிதம் ஒன்று.

அந்த மூன்றாவது ஃபைலில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா மெஷினிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வைக்கும் யூனிகோட் குறியீடு பரவலாவதற்கு முன்னால் டிடிபி கடைகளில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், குடியிருப்போர் சங்கத் தீர்மானம் எல்லாம் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் இருக்கின்றன. 1999-ல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் தரப்படுத்த முயன்றார்கள். அதற்குப் பிறகும் பல கடைகள் கை பழகிய எழுத்துருவிலேயே வேலை செய்தன. இந்த எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள்ளே தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். அம்மா எங்கே போனார் என்று தேட வேண்டியதுதான்.

இருக்கிற விண்டோஸுக்கு மேலேயே அப்டேட் செய்தால் எழுத்துருக்கள் பொதுவாக அப்படியே இருக்கும். ஆனால் சர்வீஸ் செய்பவர் "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றால் அதோடு அவையும் போய்விடும். அதனால் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, நீங்கள் போட்ட தமிழ் எழுத்துருக்களைப் பேக்கப் டிஸ்க்கில் தனியாக வையுங்கள். முக்கியமான கடிதங்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னோடு கொண்டுபோகும். நேரம் இருந்தால் யூனிகோடுக்கே மாற்றிவிடலாம், மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றியதும் இரண்டு இடங்களைக் கண்ணால் பாருங்கள். ஒன்று கொம்பு. பழைய முறையில் கொம்பை முன்னால் அடித்துவிட்டுப் பிறகுதான் எழுத்தை அடிப்பார்கள், மாற்றும்போது அது இடம் மாறியிருக்கலாம். இரண்டாவது, நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள். அவையும் தமிழ் என்று எண்ணி மாற்றப்பட்டு, பொருளில்லாத எழுத்துகளாக நிற்கும்.

கடை வைத்திருப்பவர்களே, டேலி கணக்கு உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் என்று நம்பாதீர்கள். டேலிக்குள்ளேயே பேக்கப் வசதி இருக்கிறது, அதில் எடுங்கள். ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பைப் பயன்படுத்துபவர்கள் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. முதலில் இறக்கிக்கொண்டு அப்புறம் காப்பி செய்யுங்கள். இதையும் திறந்து பார்த்தீர்களா?

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது உண்டு, வாங்கியவருக்கே தெரியாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். டிஸ்க் பூட்டியிருக்கும் லேப்டாப்பில் அது தொடர்பாகப் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில், கை வைத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தால், நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கலாம். அந்த எண் இல்லையென்றால் டிஸ்க் திறக்காது, எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முன்கூட்டியே நுழைந்து, எண்ணை ஆறு ஆறாக எட்டு வரிசையில் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த மாதிரி.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரை முன்பே இறக்கி வையுங்கள். அப்டேட் செய்யும் நாளில் உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பாருங்கள். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் 2 மணிக்குத்தான் வரும். சாதாரண யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும், அப்டேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். மேலேயே அப்டேட் செய்தவர்கள் பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். இடம் வேண்டுமென்று, பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ் ஓல்ட்' ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். நன்றி, வணக்கம்.