ஏற்றம் மறைத்த மாளிகை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புதுதில்லியில் இந்தியா கேட் அருகே நின்று மேற்கே பாருங்கள். நேர்கோடாக ஓடும் அகன்ற சாலையின் முடிவில், ரைசினா குன்றின்மேல் குடியரசுத் தலைவர் மாளிகை தெரியும். அதை நோக்கி நடந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. குன்றின் அடிவாரச் சதுக்கமான விஜய் சௌக்கை நெருங்க நெருங்க மாளிகையின் தூண்கள் ஏற்றத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். குவிமாடம் மட்டும் மேலே நிற்கும். ஏற்றத்தில் ஏறிய பிறகுதான் மாளிகை மீண்டும் முழுதாக வெளிப்படும்.

பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதியின் (வைஸ்ராயின்) வீடாகக் கட்டப்பட்ட இந்த மாளிகையை அண்ணாந்து பார்க்க வைப்பதற்கென்றே போடப்பட்ட சாலை இது. 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். ரைசினா, மால்சா முதலிய கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. உழுதவர்களின் பெயரைச் சொல்லும் கல் எதுவும் அந்தச் சாலையோரத்தில் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். முன்னால் இருபுறமும் உள்ள தலைமைச் செயலகக் கட்டடங்கள் ஹெர்பர்ட் பேக்கருடையவை. செயலகங்களும் குன்றின் உச்சியிலேயே அமையட்டும் என்று பேக்கர் கேட்டார், லட்யன்ஸ் இசைந்தார். அதனால் மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஏற்றம் தன் கட்டடத்தை மறைக்கும் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. சரிவைக் குறைக்கச் சொல்லிப் போராடினார். செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நண்பர்கள் இருவரும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு பேரரசின் ஆணவத்தை ஒரு மேடு தடுத்ததை நான் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன்.

1931 பிப்ரவரியில் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டது. பதினாறே ஆண்டுகளில் ஆட்சி கைமாறியது. கிங்ஸ்வே என்றிருந்த இந்தச் சாலை ராஜபாதை ஆயிற்று. 2022-இல் கர்த்தவ்ய பாதை ஆயிற்று. 1955 முதல் குடியரசு தின அணிவகுப்பு இங்கேதான் நடக்கிறது. இந்தியா கேட்டுக்குப் பின்னால், மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலை 1968-இல் அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த மண்டபம் வெறுமையாகவே இருந்தது. இப்போது அங்கே நேதாஜி நிற்கிறார்.

ஆனால் இந்தச் சாலையை மக்களுடையதாக்கியவை சிலைகள் அல்ல, இருமருங்கும் உள்ள புல்வெளிகள்தான். அங்கே வரிசையாக நாவல் மரங்கள். மழைக்காலம் தொடங்கியதும் பழம் உதிர்ந்து தரையெல்லாம் ஊதாக் கறை படியும். மரமேறி உலுக்குவார்கள், கீழே துணி விரித்துப் பிடிப்பார்கள், உப்புத் தூவி அங்கேயே விற்பார்கள். தில்லிக்குப் போகிறவர்கள் ஜனவரி அணிவகுப்பைப் பார்த்தது போதும், ஒருமுறை ஜூலையில் போய் வாருங்கள்.