பழைய சுபாரு வேகனுக்கு ஈஜே22 எஞ்சினும் 4 இன்ச் உயரமும்

[காட்சி: பானெட் திறந்த சுபாரு லோயேல் வேகன். பக்கத்துல ஸ்டாண்டுல ஒரு எஞ்சின்.]

சுபாரு லியோன். 1990-ல இருந்து 1994 வரைக்கும் அமெரிக்காவுல லோயேல்ங்கிற பேர்ல வித்த வண்டி. உள்ள இருக்கிறது ஈஏ82 எஞ்சின்: 1.8 லிட்டர், 90 குதிரைத்திறன். ஏத்தத்துல திணறும். அதுக்குப் பதிலா நாம போடப்போறது 1990–94 சுபாரு லெகஸி காரோட ஈஜே22: 2.2 லிட்டர், 130 குதிரைத்திறன். அந்த வருஷத்து எஞ்சினையே தேடிப் பிடிங்க. டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டன்ல இடிக்காது, ஒயரிங்கும் எளிசு. 1997-ல இருந்து வந்தது இடிக்கும்.

எஞ்சின் வெளியில இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மூணையும் மாத்திடுங்க. ஃப்ளைவீலுக்குப் பின்னாடி ஆயில் செபரேட்டர் மூடி இருக்கும். பிளாஸ்டிக்கா இருந்தா வளைஞ்சு ஒழுகும், உலோக மூடி போடுங்க. ஆயில் பம்பைக் கழட்டி பின்பக்க ஸ்க்ரூக்களையும் பாருங்க, தானா தளர்ந்திருக்கும்.

[காட்சி: அடாப்டர் பிளேட், துளை போட்ட ஃப்ளைவீல்.]

பழைய கியர்பாக்ஸோட போல்ட் துளைகளும் புது எஞ்சினோட துளைகளும் ஒத்துப்போகாது. நடுவுல அடாப்டர் பிளேட் வேணும். ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் மூணும் ஈஏ82-ஓடதுதான். ஆனா ஈஜே கிராங்க்ல 8 போல்ட், அதனால ஃப்ளைவீல்ல அதுக்கு ஏத்தபடி புதுசா துளை போடணும். இதை லேத் பட்டறையில சென்டர் பிடிச்சுத்தான் செய்யணும். வீட்டு ட்ரில்லிங் மெஷின் வேண்டவே வேண்டாம். சென்டர் கொஞ்சம் விலகினாலும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க வண்டி முழுக்க உதறும், கடைசியில கிராங்க் பேரிங்தான் அடிவாங்கும்.

ஒயரிங்தான் ரொம்ப நேரம் இழுக்கும். லெகஸியோட ஹார்னஸ் (ஒயர் கட்டு), ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), மெயின் ரிலே, ஃப்யூயல் பம்ப் ரிலே, ஏர்ஃப்ளோ சென்சர் எல்லாத்தையும் ஒரே வண்டியில இருந்து எடுங்க. ஒயரை வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் டேக் கட்டுங்க. ஸ்பீட் சென்சர் ஒயரை நிறையப் பேர் விட்டுடுறாங்க. அது இல்லேன்னா செக் எஞ்சின் லைட் எரியும், சிக்னல்ல நிறுத்தும்போது எஞ்சின் ஆஃப் ஆகலாம். கார்புரேட்டர் வண்டியா இருந்தா ஃப்யூயல் பம்பையும் மாத்தணும். இந்த எஞ்சினுக்கு சுமார் 36 பி.எஸ்.ஐ. எரிபொருள் அழுத்தம் வேணும், டேங்குக்குத் திரும்புற லைனும் வேணும்.

ரேடியேட்டர் உள்ள ரெண்டு வரிசைக் குழாய் இருக்கிறதா இருக்கட்டும், ஃபேன் மெல்லிசான எலெக்ட்ரிக் ஃபேனா இருக்கட்டும். கூலன்ட்டை முதல்ல மேல் ஹோஸைக் கழட்டி அது வழியா எஞ்சினுக்குள்ள ஊத்துங்க. நேரா ரேடியேட்டர்ல ஊத்தினா காத்து உள்ளயே தங்கிடும். புது எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போறதுக்கு அது ஒண்ணு போதும்.

[காட்சி: முன் சக்கரம், வண்டிக்கு அடியில இருந்து.]

இப்போ உயரம். ஸ்ட்ரட்டுக்கு (சஸ்பென்ஷன் தூணுக்கு) மேல பிளாக் வெச்சு மட்டும் தூக்கினா 2 இன்ச் வரைக்கும்தான். அதுலயே ஆக்சில் ரொம்பச் சாயும், அதோட ஜாயின்ட்டை மூடுற ரப்பர் பூட் கிழியும், திருப்பும்போது டக்டக்னு சத்தம் வரும். 4 இன்ச் வேணும்னா எஞ்சினைத் தாங்குற கிராஸ்மெம்பர், கியர்பாக்ஸ் மவுண்ட், பின் டிஃபரன்ஷியல், பின்பக்க ஆர்ம் மவுண்ட் எல்லாத்தையும் ஸ்டீல் பிளாக்கால அதே அளவு கீழ இறக்கணும். அப்போதான் ஆக்சில் கோணம் கம்பெனி கொடுத்த மாதிரியே நிக்கும். ஸ்டீயரிங் ஷாஃப்டை நீட்டணும். சக்கரம் முழுசாத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு கையால தொட்டுப் பாருங்க. கடைசியா டோ அலைன்மென்ட், அதாவது சக்கரங்க நேரா நிக்குதான்னு சரிபண்றது.

ஆக்சிலைத் திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். உள்பக்க ஜாயின்ட்டை ஸ்பிரிங் பின் பிடிச்சிருக்கும். ஷாஃப்டும் ஜாயின்ட்டும் ஒரு நிலையிலதான் சரியா ஒத்துப்போகும். துளைக்குள்ள எட்டிப் பார்த்தா முழு வட்டமா வெளிச்சம் தெரியணும். பிறை மாதிரி தெரிஞ்சா கழட்டி 180 டிகிரி திருப்பிப் போடுங்க. சுத்தியலால பின்னை அடிச்சு இறக்கினா ரெண்டுமே வீணாகும்.

சக்கரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு. இந்த வண்டி 4 போல்ட், போல்ட் வட்டத்தோட விட்டம் 140 மில்லிமீட்டர். பழைய டொயோட்டா, நிஸான் பிக்கப்போட 6 போல்ட் வீல் டிஸ்க் 139.7. எதிரெதிர் ரெண்டு துளை அப்படியே உட்காரும், மீதி ரெண்டை மட்டும் 90 டிகிரியில போட்டா போதும். ஆனா டொயோட்டா நட்டை மட்டும் மாட்டிடாதீங்க: அது 12x1.5, சுபாரு ஸ்டட் 12x1.25. ரெண்டு சுத்து ஏறும், மூணாவதுல மரை போயிடும்.