பெலிகோவுக்குப் பின்னால் நின்ற வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவைப் படித்தவர்கள் பெலிகோவை மறந்திருக்க மாட்டீர்கள். 1898-ல் வெளிவந்த 'உறைக்குள் மனிதன்' கதையில் வரும் கிரேக்க மொழி ஆசிரியர். வெயில் பளீரென்று அடிக்கிற நாளிலும் காலணிக்கு மேல் ரப்பர் காலோஷ், உடம்பில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, கையில் குடை. அந்தக் குடைக்கு ஓர் உறை, கடிகாரத்துக்கு ஓர் உறை, பென்சில் சீவும் கத்திக்கும் ஓர் உறை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு. வண்டியில் ஏறினால் முதலில் கூரையை மூடச் சொல்வார். ஊரில் ஒரு நாடகக் குழுவோ வாசகசாலையோ தொடங்க அனுமதி கிடைத்தால் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்லதுதான், ஆனாலும் ஏதாவது ஏடாகூடம் ஆகிவிடக் கூடாதே" என்பார்.

இவருக்கு அசலாக இருந்தவர் யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைப் பேசினால் அந்த அசல் மனிதருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

செகாவ் பிறந்து வளர்ந்தது அஸோவ் கடற்கரையில் இருக்கும் தாகன்ரோக் துறைமுக நகரத்தில். அங்கிருந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1868 முதல் 1879 வரை படித்தார். இரண்டு வகுப்புகளில் தேறாமல் மறுபடி உட்கார்ந்தார். அதில் ஒரு முறை காலை வாரியது கிரேக்கம். பெலிகோவைக் கிரேக்க ஆசிரியராக ஆக்கியபோது அந்த வகுப்பறை அவர் மனதில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே பள்ளியில் வேதபாடம் நடத்திய பக்ரோவ்ஸ்கி என்ற பாதிரியாருக்கு மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் ஆசை. செகாவை அவர் 'செகோன்தே' என்று கூப்பிடுவார். மாஸ்கோவுக்குப் போய் மருத்துவம் படித்துக்கொண்டே நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிய அந்த இளைஞர், 'அன்தோஷா செகோன்தே' என்றுதான் கையெழுத்துப் போட்டார். ரஷ்யா முதலில் சிரித்தது ஒரு வாத்தியார் வைத்த பெயரைப் பார்த்துத்தான்.

சரி, பெலிகோவுக்கு வருவோம். செகாவின் தம்பி மிகயீல் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு பெயரைச் சொல்கிறார்: அலெக்சாந்தர் ஃபியோதரோவிச் தியாக்கனோவ். தாகன்ரோக் பள்ளியின் இன்ஸ்பெக்டர். அந்தக் காலத்து ரஷ்யப் பள்ளியில் இன்ஸ்பெக்டர் என்றால் பள்ளிக்குள்ளேயே இருந்து ஒழுங்கைக் கவனிக்கும் ஆள், தலைமையாசிரியருக்கு அடுத்தபடி. நல்ல வெயிலிலும் காலோஷும் குடையுமாக நடந்தவர், மேலிடத்துச் சுற்றறிக்கையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவர் என்று அங்கே படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1887-ல் சொந்த ஊருக்குப் போன செகாவ், தியாக்கனோவ் இன்னும் பாம்புக்குட்டி மாதிரி ஒல்லியாகவே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். கதை வருவதற்குப் பதினொரு வருடம் முன்பே அவர் கண் இந்த மனிதர் மேல் இருந்திருக்கிறது.

இதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். அதே பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியராக இருந்து, தாகன்ரோக் நகர வரலாற்றையும் எழுதிய பாவெல் ஃபிலேவ்ஸ்கி இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. பெலிகோவுக்கும் தியாக்கனோவுக்கும் சம்பந்தமே கிடையாது என்றார். அந்த ஊர்க்காரர்கள் தியாக்கனோவைப் பற்றிச் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. தனியாக, சிக்கனமாக வாழ்ந்த அந்த மனிதர், சாகும்போது தன் வீட்டைத் தொடக்கப்பள்ளிக்கும், சேர்த்த பணத்தைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் உதவிக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

பெலிகோவ் உயிரோடு இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரா? என்னால் நம்ப முடியவில்லை.

அப்படியானால் செகாவ் அநியாயம் செய்துவிட்டாரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் ஓர் ஆளை அப்படியே தூக்கிக் கதையில் வைக்கிறவர் அல்ல. 1896-ல் அவருடைய நாட்குறிப்பில் வேறொருவரைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. பெயரின் முதல் எழுத்து மட்டும் போட்டிருக்கிறார். பத்திரிகையாளர் மென்ஷிகோவ் என்கிறார்கள். மழையில்லாத நாளிலும் காலோஷ் போடுகிறார், வெயில் தாக்கிச் செத்துவிடாமல் இருக்கக் குடை பிடிக்கிறார், குளிர்ந்த நீரில் முகம் கழுவப் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறார். ஆக, உருவத்தில் பாதி இங்கிருந்து, பாதி அங்கிருந்து வந்திருக்கிறது.

பெலிகோவிடம் இருந்த பயமோ தனி ஒருவரிடமிருந்து வந்ததே அல்ல. 1871-ல் வந்த சட்டம் ரஷ்ய உயர்நிலைப் பள்ளிகளை லத்தீனும் கிரேக்கமும் நிறைந்த இடங்களாக மாற்றியது. பையன்கள் இலக்கணத்தில் மூழ்கிக் கிடந்தால் அரசியல் பக்கம் தலை திரும்பாது என்று கணக்குப் போட்டார்கள். மாணவர்களைப் பள்ளிக்கு வெளியிலும் கண்காணித்தார்கள். நாடகம் பார்க்க அனுமதி வேண்டும். செகாவ் மாறுவேஷம் போட்டுக்கொண்டு நாடகக் கொட்டகையின் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்தவர். அங்கே யாராவது ஆசிரியர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற படபடப்போடு சிரித்துப் பழகிய பையன்தான் பிறகு இந்தக் கதையை எழுதினார்.

கதையைச் சொல்வது பூர்கின் என்ற இன்னோர் ஆசிரியர். அவர் சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் சிந்திக்கிறவர்கள், கண்ணியமானவர்கள், துர்கேனிவையும் ஷெத்ரினையும் படித்து வளர்ந்தவர்கள். அப்படியும் காலோஷும் குடையுமாக வந்த இந்த மனிதர் எங்களைப் பதினைந்து வருடம் தன் பிடிக்குள் வைத்திருந்தார் என்கிறார். கதையின் உயிரே எனக்கு இந்த இடம்தான். பெலிகோவிடம் என்ன அதிகாரம் இருந்தது? அவர் பெருமூச்சு விட்டால் போதும், மற்றவர்கள் ஒரு மாணவனின் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், அடைத்துவைத்தார்கள், பள்ளியை விட்டே துரத்தினார்கள். இத்தனையும் செய்தவர்கள் அந்த நல்லவர்கள். பெலிகோவைப் புதைத்துவிட்டு மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாழ்க்கை பழையபடியே ஆகிவிட்டது.

செகாவுக்கு ஆசிரியர்கள் மேல் இளக்காரம் இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1896-ல் மேடையேறிய 'கடற்பறவை' நாடகத்தில் மாதம் 23 ரூபிளில் குடும்பத்தைத் தள்ளும் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். கிரீமியாவில் தன் சிறிய நிலத்தைக் கார்க்கிக்குக் காட்டியபோது, பணம் மட்டும் நிறைய இருந்தால் நோயுற்ற கிராமத்து ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு சிகிச்சை இல்லம் கட்டுவேன் என்றார். பெரிய ஜன்னல்கள், உயரமான கூரை, நூலகம், இசைக் கருவிகள், தேன்கூடுகள், காய்கறித் தோட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாராம். அந்த இல்லம் எழும்பவில்லை. ஆனால் தலேஷில் 1896-ல், நோவோசெல்கியில் 1897-ல், மெலிகோவோவில் 1899-ல் மூன்று பள்ளிக்கூடங்களைக் கட்டிக் கொடுத்தார். பெலிகோவ் அச்சில் வந்தது இரண்டாவது பள்ளிக்கும் மூன்றாவது பள்ளிக்கும் நடுவில்.

கேலி செய்தவரும், கேலிக்கு ஆளானதாகச் சொல்லப்படுபவரும், கையில் இருந்த காசைக் கடைசியில் ஒரே மாதிரி ஆட்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்: எழுத்துக் கற்றுக்கொடுக்கும் ஏழை ஆசிரியர்களுக்கும், அவர்கள் முன்னால் உட்காரும் குழந்தைகளுக்கும். பெலிகோவைப் பற்றி எங்காவது பேச்சு வந்தால் தியாக்கனோவ் விட்டுச்சென்ற அந்த வீட்டையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி.