ராஜமலையில் ஈத்து நேரம்

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போவது பற்றிப் பத்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். வீடு போடிநாயக்கனூரில். எங்கள் மாடியில் துணி காயப்போட ஏறினாலே எதிரே மலைதான். அதில் ஏறிப் போனால் மூணாறு. அதனால் எனக்குத் தெரிந்த அந்த ஒரு மலையைப் பற்றியே பேசுகிறேன். மூணாறு, அதை ஒட்டியிருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா. நம் ஊரில் ராஜமலை என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும்.

முதலில், போன இடத்தில் கதவு பூட்டியிருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004 பிப்ரவரி. என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. அத்தையையும், அதாவது என் மாமியாரையும், கூட்டிக்கொண்டு வாடகை ஜீப்பில் கிளம்பினோம். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவில் மகன் வாந்தி எடுத்தான், பதினோராவதில் மகள். இது தெரியாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தோம். மூணாறில் இரவு தங்கிவிட்டு, காலையில் பிள்ளைகளுக்குக் குல்லா மாட்டி, ராஜமலை வாசலுக்குப் போனால் பூட்டியிருக்கிறது. வரையாடு குட்டி போடும் காலமாம். ஏப்ரலில் வாருங்கள் என்றார் காவலர். தங்கிய இடத்திலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகள் அழுதாள். வீட்டுக்காரருக்குக் கோபம். இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கிறோம், ஒரு அரை மணி நேரம் விட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஜீப்பின் பின் சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை சொன்னார்: "அட வாப்பா. ஈத்து நேரத்துல பட்டிக்குள்ள வேத்தாள் போவானா?"

அத்தைக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். பத்து வயதிலிருந்து ஆடு மேய்த்தவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நானோ தாவரவியலில் பட்டம் வாங்கியவள். அந்த வாசலில் நின்றுகொண்டு நான் யோசிக்காததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தாய் ஆடு ஈன்ற புதிதில் புது ஆள் வாடை பட்டால் மிரளும், குட்டியை விட்டு ஓடும், பால் கொடுக்காது. நம் வீட்டு வெள்ளாட்டுக்கே அப்படியென்றால் மலையில் திரிகிற ஆட்டுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வருடா வருடம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ராஜமலையை மூடிவிடுகிறார்கள். நேயர்களே, இதை மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலைக்கென்று திட்டம் போடாதீர்கள். கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மே மாதம் முழுப்பரீட்சை லீவில் மறுபடியும் போனோம். அந்தப் பயணத்தைத்தான் இன்றைக்கு முழுக்கச் சொல்ல ஆசை.

போகிற வழியெல்லாம் தேயிலை. கத்தரித்துவிட்ட பச்சைக்கு நடுவே லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அவற்றின் முன்னால் தமிழ் பேசும் பெண்கள் முதுகில் கூடையோடு. இவர்களின் பாட்டன் பூட்டன்மார் நம் பக்கத்திலிருந்து மலையேறிப் போனவர்கள். அந்தத் தோட்டங்கள் விளைவித்த தேயிலை ஒரு காலத்தில் சின்ன ரயிலில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவட ஊஞ்சலில் கொட்டகுடிக்கு இறங்கி, எங்கள் போடி வழியாகத்தான் வெளியுலகத்துக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்று ஓர் இடம். 2020 ஆகஸ்டில் ஒரே இரவில் மலை சரிந்து, லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் போனார்கள். அவர்களில் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் நிறையப் பேர். தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுக்கும்போது பிள்ளைகளுக்கு இந்த மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ராஜமலையில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார்: "காடுன்னு சொன்னீங்க, மரத்தையே காணோமே? வெறும் புல்லா இருக்கு." இந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெறும் புல். இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நான் பல வருடமாகப் பேசிவரும் விஷயம்.

அந்தப் புல்தான் அங்கே காடு. அதற்குக் குறைவாக எதுவும் இல்லை. அந்த உயரத்தில் டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி கொட்டும். விடியற்காலையில் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு தூவினதுபோல் இருக்கும். அந்தப் பனியில் சோலைமரக் கன்றுகள் கருகிவிடும். அதனால் மரங்கள் மலையின் மடிப்புகளில், காற்றும் பனியும் அண்டாத பள்ளங்களில், நெருக்கியடித்துக்கொண்டு வளர்கின்றன. அவைதான் சோலை. மேடெல்லாம் புல், மடியெல்லாம் சோலை. ஆயிரக்கணக்கான வருடமாக இரண்டும் இப்படியே பங்கு பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இதைத் தரிசு என்று நினைத்தார்கள். தேயிலை வைத்தார்கள், சீகை மரம் வைத்தார்கள், யூகலிப்டஸ் வைத்தார்கள். ராஜமலைப் பக்கத்துப் புல் பிழைத்ததற்குக் காரணம் தோட்டத் துரைமார் அதைத் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததுதான். 1971-இல் கேரள அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர்.

இப்போது தண்ணீர். நாங்கள் போனது மே மாதம். கீழே போடியில் குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அங்கே சாலை ஓரத்துப் பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. மகளின் கையைப் பிடித்து அதில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அவ்வளவு குளிர்ச்சி. மழை நின்று பல மாதம் ஆகியும் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? புல்லின் வேரும், அதன் அடியிலிருக்கும் கறுப்பு மண்ணும், சோலையின் மக்கிய இலையும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இந்தப் பூங்காவில் பிறக்கும் ஓடைகளில் மேற்கே இறங்குபவை பெரியாற்றில் சேர்கின்றன. கிழக்கே இறங்குபவை பாம்பாறாகி, அமராவதியாகி, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கின்றன. உடுமலையிலும் தாராபுரத்திலும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். உங்கள் வயலில் பாய்வதில் அந்த வெறும் புல் பிடித்துவைத்த தண்ணீரும் இருக்கிறது.

வரையாட்டுக்கு வருகிறேன். வரை என்றால் மலை. சங்கப் பாட்டில் வருடை என்று வரும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 2023-இல் நம் அரசு இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகவும் அறிவித்தது. ஆனால் கிட்டத்தில் நின்று பார்க்க ராஜமலையைப் போல ஓர் இடம் கிடையாது. எண்ணிக்கையிலும் இதுதான் மிகப் பெரிய கூட்டம்.

அத்தைக்கு அப்போது எழுபது வயது, முழங்கால் வலி. பாதி ஏற்றத்திலேயே சாலை ஓரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்." அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் உட்கார்ந்தேன். மற்றவர்கள் மேலே போனார்கள். பனிமூட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது. எதிரே பாறை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுமார் அரை மணி நேரம் சும்மா இருந்தோம்.

அப்புறம் சத்தம் கேட்டது. நறுக், நறுக் என்று புல்லை இழுத்துக் கடிக்கும் சத்தம். மூட்டம் விலகியபோது பத்தடி தூரத்தில் ஒரு பெட்டை ஆடு, அதன் பின்னால் இரண்டு குட்டி. ஒன்று அதனுடையது, இன்னொன்று வேறொன்றின் குட்டி. இதுவும் அத்தை சொன்னதுதான். எனக்கு எப்படித் தெரியும்? ஒன்று மடியில் முட்டியது, ஆடு காலை அகட்டிக் கொடுத்தது. மற்றது முட்ட வந்தபோது நகர்ந்துகொண்டது. "பாரு தாயி, பிறத்தியார் குட்டிக்கு மடி விடாது." மூன்று மாதக் குட்டிகள். சாலைக்காக வெட்டிய பாறை சுவர்போலச் செங்குத்தாக நின்றது. அந்தக் குட்டி அதில் முன்னங்காலை வைத்தது, யோசித்தது, இரண்டே தாவலில் மேலே நின்றது. எங்கே கால் வைத்தது என்று பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன். என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு. அவ்வளவுதான்.

அத்தையின் மடியில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. கை அதில் போனதும், சற்றுத் தள்ளி நின்ற காவலர் ஓடி வந்து, கொடுக்கக்கூடாதம்மா என்றார். அத்தை உடனே பொட்டலத்தை மடித்துவிட்டார். "நல்ல மேய்ச்சல்ல கெடக்கற ஆட்டுக்கு முறுக்கு எதுக்கு, நான்தான் யோசிக்கல" என்றார். பிறகு அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொம்பு வெள்ளாடு மாதிரி, ஒடம்புக்கட்டு செம்மறி மாதிரியில்ல இருக்கு" என்றார். அடுத்த வருடம், 2005-இல், மரபணுவை ஆராய்ந்தவர்கள் இமயமலையில் இருக்கும் தார் என்ற காட்டாட்டை விடச் செம்மறிக்குத்தான் நம் வரையாடு நெருங்கிய உறவு என்று சொல்லி, அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அதை நான் சில வருடம் கழித்துத்தான் படித்தேன். படித்ததும் நேராக அத்தையிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி" என்று கேட்டார்.

மேலே போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேகமாக நடந்து, படம் எடுத்து, தூரத்தில் நாலு ஆடு பார்த்தார்களாம். உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதற்குள் பதினேழு ஆடு கிடைத்திருந்தது. ஆனைமுடிச் சிகரம்கூட ஒரு நிமிடம் முகம் காட்டியது. 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமானது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மலைக்குப் போனால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். வண்டிக்காரர் ஒரு பட்டியல் வைத்திருப்பார்: மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன், அருவி, பூந்தோட்டம், ஒரே நாளில் எட்டு இடம். எட்டு இடத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே நேரம் போகும், பிள்ளைகள் பஜ்ஜிக் கடையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ராஜமலைக்கு ஒரு காலைப் பொழுது முழுசாகக் கொடுங்கள். முதல் வண்டியிலேயே மேலே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மூட்டம் கட்டிக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்களை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாதி வழியில் உட்காரட்டும், பிள்ளைகளில் ஒருவரைக் கூட உட்கார வையுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். மறையூர்ச் சந்தனக்காடு, அங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், கல்திட்டைகள் பற்றியெல்லாம் எழுதி வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. குறிஞ்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2006-இல் அத்தையோடு போய்ப் பார்த்தோம். அந்த மலையில் வாழும் முதுவர்கள் குறிஞ்சி பூத்த கணக்கில் வயதைச் சொல்வார்கள் என்று சொன்னதும், அத்தை விரல் விட்டு எண்ணி, "அப்ப எனக்கு ஆறு பூ" என்றார். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. கணக்குச் சரி. 2018-இல் பூத்தபோது அவர் இல்லை. அந்த வருடம் பெருமழை, வெள்ளம். பூவும் பழையபடி இல்லை. அடுத்தது 2030-இல், ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். பேத்தியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அந்தத் தடுப்புச் சுவரையும் காட்டிவிட வேண்டும்.

ஜூனில் போகிறவர்கள் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கூடுதலாக ஒரு கம்பளி. பிளாஸ்டிக் பை வேண்டாம், வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.